ஐஸ் கம்பெனிக்காரன் மகள்

ஐஸ் கம்பெனி யாகூபுக்கு யாரும் மனமுவந்து கை கொடுத்ததில்லை. பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வரும்போது கோட்டைமேட்டு ஆட்கள் அவனைத் தோளோடு தழுவுவார்கள், நலம் விசாரிப்பார்கள், கையை மட்டும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். "யாகூப்பு, உன்ற கையைத் தொட்டா எனக்கு ரெண்டு நாளைக்கு மூக்கு ஒழுகும்ப்பா" என்பார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். மீசை முளைக்கும் முன்பே உக்கடத்து ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தவன். கட்டிகளைத் தூக்கித் தூக்கி விரல் நுனிகள் வெளுத்து, தோல் தடித்து, சித்திரை வெயிலில்கூட அந்தக் கைகள் சில்லென்றுதான் இருக்கும். கல்யாணமான புதிதில் அவன் மனைவி சித்திகா அந்தக் கைகளைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மகள் பிறந்த பிறகு அந்தக் கேலி கேலியாக இல்லாமல் போயிற்று.

தொண்ணூற்று நான்காம் வருஷத்து மார்கழி. எட்டாம் மாதத்திலேயே சித்திகாவுக்கு வலி எடுத்து, அவசர அவசரமாக வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். அதைக் குழந்தை என்று சொல்லவே முதலில் யாகூபுக்கு வாய் வரவில்லை. தோல் சிவந்து, மெலிந்து, தொடையில் சதை என்பதே இல்லாமல், ஒரு உள்ளங்கையில் தலையும் இன்னொரு உள்ளங்கையில் உடம்பும் அடங்கிவிடும்போல இருந்தது. சில நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, பால் விழுங்கப் பழகியதும் தாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஃப்ரின் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு சித்திகாவுக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்துக் காய்ச்சல் தூக்கியடித்தது. அவளை மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காய்ச்சல்காரிகள் படுத்திருக்கும் வார்டுக்குள் இத்தனை சிறிய குழந்தையைக் கொண்டு வரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, தாய் அங்கே, குழந்தை இங்கே.

வீட்டில் இருந்தது யாகூபும் அவனுடைய அக்கா சாஜிதா பேகமும்தான். சாஜிதா பேகம் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். அவள் கை பட்டால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும், அவள் வாய் திறந்தால்தான் மற்றவர்கள் வாய் மூடும். அன்பு நிறைய உண்டு. ஆனால் அதை அவள் உத்தரவாகத்தான் போடுவாள். குழந்தை வீட்டுக்கு வந்த அன்றைக்கே முதல் உத்தரவு வந்துவிட்டது.

"தம்பி, நீ கொழந்தையத் தொடாத. உன்ற கையில இருக்கற குளுரு அதுக்கு எறங்குச்சுனா நெஞ்சு கட்டிக்கும். தூரத்துல இருந்து பாத்துட்டுப் போ."

யாகூபுக்கே அந்தப் பயம் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் கையை முக்கி முக்கி எடுப்பான். அப்படியும் நம்பிக்கை வராது. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அக்காவின் மடியில் துணிப் பொட்டலமாகக் கிடக்கும் மகளைப் பார்த்துவிட்டு, அரிசிம்பருப்புச் சோற்றை அள்ளித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். பெற்ற பிள்ளையைத் தொட முடியாதவனுக்குச் சோறு எப்படி இறங்கும். இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், மறுநாள் கட்டி தூக்க வேண்டுமே.

சாஜிதா பேகம் குறை வைக்கவில்லை. காலையில் எழுந்ததும் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டுவாள். சாம்பிராணி காட்டுவாள். அப்புறம் பூண்டு தட்டிப் போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். சித்திகா சாப்பிட்டு முடித்து, பாலைப் பீய்ச்சி மூடி போட்ட டம்ளரில் கொடுப்பாள். அதைக் கொண்டுவந்து பாலாடையில் ஊற்றிப் புகட்ட வேண்டும். அவள் போய் வரும்வரைக்கும் குழந்தை தொட்டிலில் கம்பளிக்குள் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெண் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வாள். அழவே அழாது. "இத்தனை அடக்கமான புள்ளைய நான் பாத்ததில்ல. ஊட்ல கொழந்தை இருக்கறதே தெரியறதில்ல" என்று அக்கா தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

அந்தப் பெருமையை நாச்சியம்மாள் வந்து உடைத்தாள்.

நாச்சியம்மாள் மாநகராட்சி மருந்தகத்து நர்ஸ். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. தெருத் தெருவாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்ப்பது அவள் வேலை. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, பைப்பில் கையைக் கழுவி, முந்தானையில் நன்றாகத் துடைத்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டுதான் குழந்தையிடம் போனாள். கம்பளியை விலக்கி முதலில் பாதத்தைத் தொட்டாள். பிறகு வயிற்றில் கை வைத்தாள். அவள் முகம் மாறியதை நிலையில் சாய்ந்திருந்த யாகூப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, கொழந்தை அழுவுதுங்ளா?"

"இல்லீங் சிஸ்டர். நெம்ப அடக்கம்."

"அடக்கமில்லீங்க்கா அது. அழுவறதுக்குத் தெம்பில்ல. காலு ஐஸாட்ட இருக்குது, வயிறும் சில்லுங்குது. பாலு எப்பிடிக் குடிக்குது?"

"ஊத்துனா உள்ள போவுதுங்க. முந்தி சப்புக்கொட்டும். இப்ப கடவாயில ஒழுக உட்டுருது."

"தெனமும் குளிப்பாட்டறீங்ளா?"

"பின்ன? பச்ச ஒடம்புங்க. எண்ணெ தேச்சு, வெந்நி ஊத்தித்தான் வளக்கறோம்."

நாச்சியம்மாள் குழந்தையின் தலைமுடியைத் தடவிப் பார்த்தாள். இன்னும் லேசாக ஈரம் இருந்தது. "வெந்நியானாலும் மேலுக்கு நிக்கற ஈரம் காயறப்போ ஒடம்புல இருக்கற சூட்டையும் சேத்து வாங்கிட்டுப் போயிருமுங்க்கா. நமக்குன்னா அதைத் தாங்கிக்கலாம். இதுக்குச் சதையும் இல்ல, கொழுப்பும் இல்ல. நடுங்கிச் சூடு பண்ணிக்கக்கூடத் தெரியாது. குளிருனா நாம வெடவெடன்னு நடுங்கறோமில்லீங்? அந்த நடுக்கமே சூடுதானுங். இத்தனூண்டு கொழந்தைக்கு அது வராது. இனிக் கொஞ்ச நாளைக்குக் குளியலே வேண்டாம். தொடச்சு உட்டாப் போதும்."

"அப்பறம் சூட்டுக்கு என்ன பண்றதுங்க? கரிச்சட்டி வெக்கட்டுங்ளா?"

"பொகை அடைச்சுப் போடும். அதெல்லாம் வெச்சிராதீங்க. கொழந்தையத் துணியில்லாம நெஞ்சு மேல போட்டுக்கோணும். தோலும் தோலும் ஒட்டற மாதிரி. மேல ஒரு துணியச் சுத்திக் கட்டிக்கலாம். பெத்தவதான் செய்யோணும். அவிய வார வரைக்கும் நீங்க செய்யுங்க. இல்லீனா இவிய அப்பங்காரரு செய்யட்டும்."

சாஜிதா பேகத்துக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அவனா? அவன் ஐஸ் கம்பெனிக்காரனுங்க. அவன் மேல போட்டா இருக்கற சூடும் போயிரும். நானும் இந்தத் தெருவுல கதவத் தெறந்து போட்டுக்கிட்டுப் பொழைக்கறவ. ரவிக்கையக் கழட்டிப்போட்டு ஒக்காருன்னா எப்பிடிங்க? இன்னும் ரெண்டு கம்பளி சேத்துச் சுத்தறேன், விடுங்க."

"கம்பளி பத்தாதுங்க்கா" என்று நாச்சியம்மாள் சொன்னாள். குரல் தணிந்திருந்தது. "கண்ணாடிப் பொட்டியில எடம் கெடைக்குமான்னு ஆஸ்பத்திரியில கேட்டு வெக்கறேன். நேத்து வரைக்கும் இல்லைன்னுதான் சொன்னாங்க. நாளைக்கு வந்து பாப்பேன். அப்பவும் காலு இப்பிடியே இருந்துதுனா, கொழந்தை கையில நிக்காதுங்க. ஒளிச்சு வெச்சுப் பேசறதுல பிரயோசனமில்ல."

அவள் போன பிறகு யாகூப் சட்டையை மாட்டிக்கொண்டு டவுன்ஹாலுக்கு நடந்தான். இருப்பதிலேயே கனமான கம்பளி ஒன்றும், காதுவரை மூடும் குல்லாயும், காலுக்கு உல்லன் சாக்ஸும் வாங்கி வந்தான். மறுநாள் விடிந்ததும் அக்கா சுற்றினாள். அவன் தள்ளி நின்றபடியே "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகமும் மெழுகு பொம்மை மாதிரி அசையாமல் கிடந்தது. மனசே இல்லாமல் வேலைக்குக் கிளம்பினான். மெஷினை அவன்தான் ஓட்ட வேண்டும்.

ஐஸ் கம்பெனியில் குளிரை யாரும் உற்பத்தி செய்வதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. உள்ளே நடப்பதெல்லாம் சூட்டைப் பறிக்கும் வேலைதான். தரைக்குக் கீழே பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் வரிசையாக இறக்கிய தகரக் கேன்களில் நல்ல தண்ணீர். குழாய்களில் ஓடும் அம்மோனியா உப்புத் தண்ணீரின் சூட்டை உறிஞ்சும், உப்புத் தண்ணீர் கேன் தண்ணீரின் சூட்டை உறிஞ்சும். இருந்த சூட்டையெல்லாம் பறிகொடுத்த தண்ணீர் கட்டியாக உறைந்து போகும். பறித்த சூடு சும்மா போகாது. கம்ப்ரசர் அதைப் பிடித்துத் தள்ளி மொட்டை மாடிக் குழாய்களுக்கு அனுப்பும். குழாய்களின் மேல் தண்ணீரை ஒழுகவிட்டு அந்தச் சூட்டை ஆற்றுவார்கள். தண்ணீர் படாத முனையில் ஈர லுங்கியைப் போட்டால் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இந்த வேலையில் யாகூப் கெட்டிக்காரன். சத்தத்தை வைத்தே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவான்.

அன்றைக்கு மாடிக் குழாய்களின் மேல் தண்ணீர் சரியாக ஒழுகுகிறதா என்றுகூட அவன் பார்க்கவில்லை. மீன் மார்க்கெட்டுக்குப் போகும் கட்டிகளை அனுப்பிவிட்டு நின்றபோது சர்பத் கடை பஷீர் வந்தார். மதுக்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டி வேண்டுமாம், டெம்போ வாசலில் நின்றது. யாகூப் ஒரு கட்டியைச் சறுக்கி இழுத்து, உமியைத் தூவி, சாக்கில் சுற்றிக் கட்டினான்.

"இன்னொரு சாக்குச் சுத்தீருப்பா. மதுக்கரை போய்ச் சேரோணுமில்ல" என்றார் பஷீர்.

யாகூப் இன்னொரு சாக்கை எடுத்தான்.

"எதுக்கும் இன்னொண்ணும் சுத்தீரு. எத்தனை சுத்தறமோ அத்தனை நேரத்துக்கு உருகாம அப்பிடியே இருக்கும்."

யாகூபின் கை நின்றுவிட்டது. கயிற்றின் ஒரு முனை கையில், மறு முனை தரையில். எத்தனை சுற்றுகிறோமோ அத்தனை நேரத்துக்கு அப்படியே இருக்கும். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் கட்டிகளுக்குச் சாக்குச் சுற்றியிருப்பான். சாக்கு ஒருநாளும் கட்டிக்குக் குளிரைக் கொடுத்ததில்லை. உள்ளே இருப்பதை உள்ளே இருக்கிறபடியே வைத்திருப்பது மட்டும்தான் சாக்கின் வேலை. சூடான பொருளைச் சுற்றினால் சூடாகவே இருக்கும். சில்லிட்டுக் கிடப்பதைச் சுற்றினால்?

காலையில் அவன் தள்ளி நின்று "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மகளைக் கட்டி மாதிரி அல்லவா சுற்றிப்போட்டு வந்திருக்கிறான்.

"என்றா ஆச்சு?" என்றார் பஷீர்.

"நீங்களே கட்டிக்கங்க பாய். நான் ஊட்டுக்குப் போவோணும்."

மெஷினைக் கூட வேலை பார்க்கும் ரசாக்கிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினான். நேராக வீட்டுக்குப் போகவில்லை. வழியில் இருந்த மருந்தகத்துக்குள் நுழைந்தான். நாச்சியம்மாள் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்கி நின்றான்.

"சிஸ்டர், கம்பளி சூடு குடுக்காதுங்க. எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது."

"அதத்தான் நேத்துச் சொன்னனுங் பாய்."

"சொன்னீங்க, காதுல ஏறல. அக்கா ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் நடக்கறாங்க, நாள் முழுக்க அவங்களால ஒக்கார முடியாது. நான் போட்டுக்கறேன். ஆனா என்ற கையப் பாருங்க." இரண்டு கைகளையும் நீட்டினான். "இந்த ஒடம்புல இருந்து கொழந்தைக்குச் சூடு போவுங்ளா, இல்ல கொழந்தையோட சூட்டை நான் இழுத்துக்குவனா? எனக்குத் தெரியறது ஒரு தொழிலுதாங்க. சில்லுன்னு இருக்கறது பக்கத்துல இருக்கற சூட்டைத் தின்னுபோடும்."

நாச்சியம்மாள் சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரை உதறி அவன் கையில் கொடுத்து, கக்கத்தில் வைக்கச் சொன்னாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி இருந்தது. அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்களுக்கும் எனக்கும் ஒரே சூடுதானுங். வேணும்னா எனக்கும் வெச்சுக் காட்டறேன்."

"நெசமாவா?"

"கை சில்லுங்குதுனா ஒடம்பு கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல பாய். நாளெல்லாம் ஐஸுக்குள்ள நிக்கறீங்க. ஒடம்பு என்ன பண்ணுது, கையில ஓடற ரத்தத்தைக் கொறைச்சுப்போட்டு, சூட்டை நெஞ்சுக்குள்ள பத்திரமா வெச்சுக்குது. கைய உட்டுட்டு நெஞ்சக் குடுங்க. அது நல்லாத்தான் இருக்குது."

இத்தனை வருஷத்தில் அவனிடம் சூடு இருக்கிறது என்று ஒருத்தர் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. யாகூபுக்குக் கண் கலங்கிவிட்டது. பெஞ்சில் இருந்த தாய்மார்கள் பார்க்கிறார்களே என்று எழுந்து வெளியே வந்துவிட்டான். நாச்சியம்மாள் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

வீட்டில் சாஜிதா பேகம் அப்போதுதான் பாலோடு திரும்பியிருந்தாள். தம்பி சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்ததையும், நர்ஸ் கம்பளிகளை ஒவ்வொன்றாக உரிப்பதையும் பார்த்து அவள் தடுக்கத்தான் வந்தாள்.

"தம்பி, வேண்டாம்டா. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுனா ஆயுசுக்கும் உன்ற மனசு ஆறாது."

"கையால தொடல அக்கா. நெஞ்சுலதான்."

நாச்சியம்மாள் குழந்தையை, தலையில் குல்லாயும் இடுப்பில் துணியும் மட்டும் விட்டு, அவன் மார்பின் மேல் தவளை மாதிரிக் கவிழ்த்துக் கிடத்தினாள். சாஜிதா பேகத்தின் பழைய பருத்திச் சேலையை எடுத்து இருவரையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினாள். மேலே கம்பளியைப் போர்த்தினாள். "இப்பத்தான் கம்பளிக்கு வேலை" என்றாள்.

மகள் மார்பில் பட்டதும் யாகூபுக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அத்தனை சில்லிப்பு. தொட்டியிலிருந்து எடுத்த கேனை அணைத்துத் தூக்கும்போது இப்படித்தான் இருக்கும். ஆனால் கேன் மூச்சு விடாது. இது விட்டது. குருவி மூச்சு. அவன் அசையவில்லை, தும்மல் வந்ததையும் அடக்கிக்கொண்டான். வெளியே மார்கழிக் காற்று கூரை ஓட்டைத் தட்டிக்கொண்டு போனது. அக்கா சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள், அது அவள் அழுகையை மறைக்கும் வழி. பொழுது மேற்கே சாய்ந்தபோது நாச்சியம்மாள் மறுபடி வந்து கம்பளிக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தேடினாள்.

"வயிறு சூடாயிருச்சு. காலு இன்னும் வரல. விட்றாதீங்க."

அவன் விடவில்லை. இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. அவன் ஒன்றுக்குப் போக எழுந்தால் சாஜிதா பேகம் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டுக் குழந்தையைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டாள். முதல் தடவை முறைத்துக்கொண்டுதான் வாங்கினாள். இரண்டாவது தடவை அவன் கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்தினாள். தனக்கென்று பிள்ளை பிறக்காதவள். மூன்றாவது தடவை அவன் வந்து நின்ற பிறகும் "சித்த நேரம் போவட்டும்டா, தூங்குது" என்று சொல்லிக் குழந்தையைக் கொடுக்க மறுத்தாள்.

கம்பெனி முதலாளி வெங்கடபதி நாயுடு ஆர்.எஸ்.புரத்திலிருந்து தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மெஷின்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்விட்டான் என்ற கோபத்தோடு வந்தவர், வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். மீசைக்காரன் ஒருத்தன் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சேலைக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குல்லாய் தெரிகிறது.

"என்னடா யாகூப்பு, ஏன்டா இந்தக் கோலம்?"

"மொதலாளி, சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ண மூடுச்சு."

வெங்கடபதி குரலைத் தணித்துக்கொண்டார். சாஜிதா பேகம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கோபம் எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் போக அவரால் முடியவில்லை.

"ரெண்டு நாளா கட்டி நடுவுல பொக்கையாவே இருக்குது. ரசாக் என்னென்னமோ திருவிப் பாக்கறான்."

"மாடிக் கொழாய் மேல தண்ணி சரியா ஒழுவுதான்னு பாக்கச் சொல்லுங்க. ஓட்டை அடைச்சிருக்கும். சூடு வெளிய போவலீனா உள்ள எப்பிடிங்க உறையும்?"

"அங்க சூட்டை வெளிய தள்ளோணும், இங்க உள்ள புடிச்சு வெக்கோணும். நல்ல தொழில்காரன்டா நீ." அவர் எழுந்தார். "கொழந்தை தேறட்டும். மெதுவா வா. உன்ற வேலை எங்கயும் போயிராது."

மூன்றாம் நாள் காலுக்குச் சூடு வந்தது. குழந்தை பாலாடையின் விளிம்பை நாக்கால் தேடியது. யாகூபுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரப்பட்டுவிட்டான். இனிப் பயமில்லை என்று தொட்டிலில் போட்டுக் கம்பளியைச் சுற்றிவிட்டு, மத்தியானச் சோற்றைத் தின்று, அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். விழித்துப் பார்த்தபோது குழந்தையின் பாதம் மறுபடி சில்லிட்டுக் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. மார்பில் போட்டுக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். நாச்சியம்மாள் வந்ததும் குற்றவாளி மாதிரிச் சொன்னான். "நான் குடுத்த சூடு தீந்துபோச்சுங் சிஸ்டர். நான் விட்டா போயிருது. இப்பிடியே எத்தனை காலத்துக்குங்க?"

"வெசனப்படாதீங்க. இப்ப அது உங்க சூட்டுல இருக்குது. இருக்கற தெம்பைக் குளுருகூடச் சண்டை போடறதுல செலவு பண்ணாம, சதை வெக்கறதுல செலவு பண்ணட்டும். தோலுக்கடியில கொஞ்சம் கொழுப்பு வந்துதுனா அதுக்கப்பறம் தானா வெச்சுக்கும். நாம பண்றது காவலுதான். வளர்றது அதோட வேலை."

அதற்குப் பிறகு யாகூப் நாளை எண்ணுவதை விட்டுவிட்டான். தறியோட்டுகிறவன் தறியில் உட்காருவது போல, விடிந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவான், இரவிலும் குழந்தையோடு அங்கேயே சாய்ந்துகொள்வான். தெருப் பெண்கள் முதலில் சன்னலில் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு சூப்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்திகா தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே கேள்வியைத்தான் அக்காவிடம் கேட்டனுப்பினாள், காலு எப்படி இருக்கிறது என்று. அக்கா உள்ளதைச் சொன்னாள். அவன் மேல இருந்தாச் சூடு, எறக்கிவிட்டாக் குளிரு என்று. சித்திகா அதைக் கேட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம்.

ஒருநாள் காலை, சேலை முடிச்சை அவிழ்த்துத் துணி மாற்றும்போது, ஆஃப்ரின் வாயைக் கோணினாள். முகம் சிவந்தது. என்னமோ ஏதோ என்று யாகூப் பதறுவதற்குள் வீறிட்டு அழுதாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அழுகை. சாஜிதா பேகம் அடுப்பில் இருந்த பாலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அக்காவும் தம்பியும் குழந்தையைத் தேற்றவே இல்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடக்கமான புள்ளைன்னு சொன்னியே அக்கா."

"வாய மூடுடா" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழக்கினார்கள். கொஞ்ச நேரம் தொட்டில், பிறகு தொட்டுப் பார்ப்பது, மறுபடி மார்பு. தொடையில் சின்னதாக ஒரு மடிப்பு விழுந்தது. அதை சாஜிதா பேகம்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஊருக்கே காட்டினாள்.

தை பிறந்து சில நாளில் சித்திகாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியிருந்தது, ஆள் பாதியாக இருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி யாகூபின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். பிள்ளையைக் கடைசியாகத் தொட்டபோது இருந்த சில்லிப்பு இன்னும் அவள் விரலிலேயே இருந்தது. நல்லா இருக்குது நல்லா இருக்குது என்று நோயாளியிடம் எல்லோரும் சொல்வார்கள், நேரில் பார்க்காமல் அவள் எதையும் நம்பத் தயாராக இல்லை.

குழந்தை தொட்டிலில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மெல்லிய துணிதான் போர்த்தியிருந்தது. அதைப் பார்த்ததும் சித்திகாவுக்குத் திக்கென்றது. யாகூபின் தோளை விட்டுவிட்டுத் தொட்டிலின் மேல் குனிந்து, துணிக்குள் கையை விட்டுப் பாதத்தைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, காலு சுடுதுங்க. கொழந்தைக்குக் காய்ச்சல் அடிக்குது. எத்தனை நேரமா இப்பிடி இருக்குது? சிஸ்டரக் கூப்புடுங்க."

யாகூப் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"காய்ச்சல் இல்ல சித்திகா. காத்தால இருந்து நான் தூக்கவே இல்ல. அக்காவும் தூக்கல. அது அவளோட சொந்தச் சூடு."

சித்திகா மறுபடி துணிக்குள் கையை விட்டாள். அந்தச் சின்னப் பாதத்தை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். சாஜிதா பேகம் சாப்பிடக் கூப்பிட்டும் அவள் கையை எடுக்கவில்லை.